மணல் வண்டுக்குப் பயந்து அணைத்த விளக்கு

கட்டிய மனைவியின் காதுக்குள் வண்டு புகுந்து அவள் துடிக்கும்போது, பக்கத்தில் நின்று சிரித்த மனுஷனை என்னவென்று சொல்வது? தண்ணீர் லாரி டிரைவர் "கல்நெஞ்சுய்யா உனக்கு" என்றான். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. பம்புக்காரர் தன்னைத்தானே திட்டிக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுதினால் காகிதம் கூசும். இருந்தாலும் நடந்ததை முழுசாகக் கேளுங்கள், அப்புறம் திட்டுவதானால் நீங்களும் திட்டுங்கள்.

மணல்மேடுகள் தொடங்குகிற இடத்தில் ஒரு பம்பு வீடு. ஆழ்குழாயிலிருந்து தண்ணீரை இழுத்து ஊருக்கு அனுப்புகிற மோட்டார் அதற்குள் இருக்கிறது. மோட்டாரைப் போடுவது, நிறுத்துவது, மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது, வால்வைத் திருகுவது, இதுதான் பம்புக்காரருடைய பிழைப்பு. பம்பு வீட்டை ஒட்டினாற்போல இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும். கதவைத் திறந்தால் மணல், ஜன்னலைத் திறந்தால் மணல், படுக்கையை உதறினாலும் மணல். கல்யாணமாகி வந்த புதிதிலேயே மனைவி சொல்லிவிட்டாள்: "சோத்துல உப்பு குறைஞ்சா சொல்லுங்க. மணல் கூடினா சொல்லாதீங்க, அது என் கைல இல்ல."

மோட்டார் ஓடுகிற வீட்டில் மெல்லப் பேசினால் வேலைக்காகாது. இருவரும் கத்தித்தான் கொஞ்சிக்கொண்டார்கள், கத்தித்தான் சண்டை போட்டார்கள். வருகிற விருந்தாளிக்கு எது கொஞ்சல் எது சண்டை என்று தெரியாது, திருதிருவென்று விழிப்பான். ஒரே மகள் அந்தச் சத்தத்திலேயே தூங்கி, படித்து, வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். போன முதல் வாரமே, "இங்க ராத்திரி ஒரே அமைதியா இருக்குப்பா, தூக்கமே வரமாட்டேங்குது" என்று புலம்பினாள்.

வெயில்காலம் வந்தால் மணல் வண்டுகளும் வந்துவிடும். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. ஈர மணலின் நிறம், வயிற்றில் பூனைமுடி, முன்னங்காலில் ரம்பம் மாதிரிப் பல். பகலெல்லாம் மணலுக்குள் புல்வேருக்கு அடியில் கிடக்கும். பொழுது சாய்ந்து மேல்மணல் ஆறியதும், உலை கொதிப்பதுபோல அங்கங்கே மணல் அசையும். அசைந்த இடத்திலிருந்தெல்லாம் ஒரு வண்டு கிளம்பும். கொஞ்ச நேரம்தான் பறக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் எங்கேயாவது விளக்கு எரிந்தால் போச்சு, வந்த வேலையை மறந்துவிட்டு அதில் போய் முட்டும். முட்டி விழுந்ததும் தலையைக் கவிழ்த்துத் தோண்ட ஆரம்பிக்கும். கீழே இருப்பது மணலா, சிமெண்டா, பாயா என்றெல்லாம் பார்க்காது. அறிவு கம்மி, உழைப்பு அதிகம். பம்புக்காரருக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம், ஏதோ பங்காளி மாதிரி.

மனைவிக்கு அந்தப் பிரியமெல்லாம் கிடையாது. தட்டில் விழும், தண்ணீரில் விழும், ரவிக்கைக்குள் விழும். "உங்க சொந்தக்காரங்க வந்தாச்சு, வரவேற்க வாங்க" என்று துடைப்பத்தை எடுப்பாள்.

அப்படி ஒரு வெயில்கால ராத்திரி, சாப்பிட்டு முடித்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தவள் அலறிக்கொண்டு எழுந்தாள். இடது காதில் வண்டு. ஒற்றைக் காலில் குதிக்கிறாள், தலையைச் சாய்த்துத் தட்டுகிறாள், போர்வை காலில் சுற்றி அலமாரியில் போய் மோதுகிறாள்.

"அசையாத! டார்ச் அடிக்கிறேன். வெளிச்சத்தப் பாத்தா தானா வெளிய வரும்" என்றார்.

அவர் சொன்னதில் பாதிதான் சரி. வண்டு விளக்குக்கு வரும், வாஸ்தவம். விளக்கடிக்கு வந்தபின் என்ன செய்யும் என்பதை வருஷம் வருஷமாகத் தினமும் பார்த்தவர், அந்த நேரத்தில் அதை மட்டும் மறந்துபோனார். கெட்ட நேரம் வந்தால் கையில் இருக்கிற டார்ச்கூடப் பாம்பாகிவிடும்.

வெளிச்சம் பட்டதும் வண்டு உள்ளே குடைந்தது. மனைவி காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்: "ஐயோ, உங்க பம்பு என் காதுக்குள்ள ஓடுதுங்க!"

அவ்வளவுதான். பம்புக்காரருக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, ஒரு கையில் டார்ச் எரிந்தபடியே சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் வண்டு வேலையை முடித்துவிட்டது. மனைவியின் விரலிடுக்கில் ரத்தம் வந்தபோதுதான் டார்ச்சை அணைத்தார்.

தண்ணீர் லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் வண்டைத் துண்டு துண்டாக எடுத்தார். புண்ணாகி, சீழ் வைத்து, காய்ச்சல் வந்தது. மகள் ஓடிவந்து, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுகிறேன் என்று அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போனாள். பஸ் ஏறும்போது மனைவி திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கப்புறம் போன். தினமும் சாயங்காலம் மோட்டாரை நிறுத்தியதும் மகளுக்குப் போடுவார்.

"அம்மா எங்க?"

"தூங்குறாங்கப்பா."

மறுநாள், "குளிக்கிறாங்கப்பா."

அதற்கு மறுநாளும் குளியல்தான். "என்னம்மா இது, இத்தன தடவ குளிச்சா உங்க ஊர்ல தண்ணி எப்படி மிஞ்சுது? பம்பு அடிக்கிறவன் எவன்?" என்று தமாஷ் பண்ணிப் பார்த்தார். மகள் சிரிக்கவில்லை. காது எப்படி இருக்கிறது என்றால் "ஆறிடுச்சுப்பா" என்பாள். கோபம் ஆறியதா என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டார்: "நானும் எத்தன நாளா கூப்பிடுறேன்! செவிடன் காதுல ஊதுன சங்காட்டம்! அப்படி என்ன ரோஷம் உங்கம்மாவுக்கு?"

மகள் போனை வைத்துவிட்டாள்.

தனியாக இருக்கிறவனுக்கு நாள் நீளம் என்பார்கள். நீளமெல்லாம் இல்லை, ஒரே நாளே திரும்பத் திரும்ப வருகிறது, அதுதான் கொடுமை. ஒரு ஆளுக்கு உலை வைத்தால் சோறு சரியாக வேகாது. இரண்டு பேருக்கு வைத்தால் மிஞ்சும். மிஞ்சியதை மறுநாள் தின்பார். கத்திப் பேசிப் பழகிய தொண்டை, பேச ஆளில்லாமல் ஒருநாள் வால்வைப் பார்த்து, "என்ன, இன்னிக்கு ரொம்ப முறுக்கிக்கிறே?" என்றது. தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார். மனைவியின் துடைப்பம் மூலையில் சாத்தியபடி இருந்தது. கூட்டுகிறவர் அவர்தான். ஆனாலும் அது அவளுடைய துடைப்பம்தான்.

குளிர்காலம் போயிற்று. மறுபடி மணல் சூடேறத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நாளில் வண்டு வந்துவிடும். வண்டு இருக்கிற வீட்டுக்கு அவள் எப்படி வருவாள்? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். விளக்கு இருந்தால்தானே வண்டு? வீட்டில் இருந்த பல்பையெல்லாம் கழற்றினார். வாசல் விளக்கையும் விடவில்லை. பொழுது இருக்கும்போதே சமைத்து, பொழுது இருக்கும்போதே சாப்பிட்டு, இருட்டியதும் சும்மா உட்கார்ந்துவிடுவார். மீட்டர் பார்க்க மட்டும் உள்ளங்கைக்குள் பொத்தி ஒரு நிமிஷம் புதிதாக வாங்கிய சின்ன டார்ச்சை அடிப்பார், திருடன் மாதிரி.

லாரி டிரைவர் விடுவானா? "என்னண்ணே, கரண்ட கட் பண்ணிட்டானா?"

"நானே கட் பண்ணிட்டேன். வண்டு வரக்கூடாது."

"அது பாட்டுக்கு ஜோடி தேடிப் போகுது, அத ஏன்ணே பகைச்சுக்கிறீங்க? உங்க ஜோடிய நீங்க போய்க் கூட்டிட்டு வர வேண்டியதுதானே?"

"மூஞ்சிய எங்க வச்சுக்கிட்டுப் போறது?" என்றார் பம்புக்காரர். டிரைவர் அதற்குமேல் கேலி பண்ணவில்லை. ஊரில் போய், பம்பு வீட்டு ஆளுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று சொன்னதாகக் கேள்வி. ஊர் வாயை மூட முடியுமா?

அவர் சொன்னது போலவே ஆயிற்று. வெயில்காலத்தில் வண்டுகள் கிளம்பின, ஒன்றுகூட வீட்டுக்குள் வரவில்லை. இருட்டில் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். தலைக்குமேல் விர்ரென்று போகும், அவரவர் வேலையாக. போன வருஷம் வரை சட்டைப் பைக்குள் வந்து விழுந்ததுகள், இப்போது அவர் அங்கே இருப்பதையே சட்டை செய்யவில்லை. ஜெயித்த சந்தோஷம் வர வேண்டும் இல்லையா? வரவில்லை. மனைவியும் இல்லை, வண்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அந்தப் படியில் உட்கார்ந்து ஒருநாள் அழுதே விட்டார்.

அடுத்த நாள் மகளிடம் சொன்னார்: "உங்கம்மாகிட்ட சொல்லு, வீட்ல ஒரு வண்டு கிடையாது. உன் தலைல அடிச்சு சத்தியம் பண்றேன். ஒரு தடவ வந்து பாக்கச் சொல்லு."

இரண்டு நாள் கழித்து மகளே கூப்பிட்டாள். "அம்மா வர்றாங்கப்பா. துணிமணியெல்லாம் அங்கேயே கிடக்குதாம், எடுத்துட்டு மறுநாள் காலைல பஸ்ல திரும்பிடறேன்னாங்க."

"திரும்பிடறாளா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

துணி எடுக்க வருகிறாள். துணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் அப்புறம் இந்த வீட்டுக்கு வர அவளுக்கு என்ன சாக்கு இருக்கிறது? அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு ராத்திரி. பேச வேண்டியதை அதற்குள் பேசியாக வேண்டும். வால்வைத் திருகும்போதும், பாத்திரம் கழுவும்போதும் ஒத்திகை பார்த்தார்.

சாயங்கால பஸ் தாமதமாக வந்தது. பொழுது கிட்டத்தட்ட இறங்கிவிட்டிருந்தது. மனைவி ஒரு சின்னப் பையோடு இறங்கினாள். இளைத்திருந்தாள். "வா" என்றார். "வந்தேன்" என்றாள், வேண்டியதைவிடச் சத்தமாக. இன்னும் கோபம் என்று நினைத்துக்கொண்டார். "சாப்பாடு ஆறிடும்" என்றார். மங்கலில் அவர் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். சாப்பிட்டார்கள். கை கழுவி வருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் எதிரே ஸ்டூலில்.

அப்புறம் பேசினார். வாழ்நாளில் அவர் அவ்வளவு பேசியது கிடையாது. மோட்டார் நின்றிருந்தது, கத்த வேண்டிய அவசியமில்லை. மெதுவாக, நிதானமாக, ஒத்திகை பார்த்ததையும் பார்க்காததையும் சொன்னார். "நான் சிரிச்சிருக்கக் கூடாது. நீ துடிக்கிற, நான் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறேன், நானெல்லாம் மனுஷனா? அந்த டார்ச்ச ஒடச்சுப் போட்டுட்டேன். பல்பையெல்லாம் கழட்டிட்டேன். நீ இல்லாம எனக்குச் சோறு இறங்கலடி. திட்டு, நாலு வார்த்த திட்டு. இப்படிப் பேசாம மட்டும் இருக்காத."

கட்டிலில் இருந்து ஒரு சத்தமும் இல்லை.

"மன்னிக்க மாட்டியா?"

ஒன்றும் இல்லை. சரி, முடிந்தது, இவள் காலையில் போகப்போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து மனைவி பேசினாள். "என்னங்க, இருக்கீங்களா? எவ்வளவு நேரம் இப்படி இருட்டுல உட்காந்திருப்பீங்க? எம்மேல அவ்வளவு கோபமா? ஒரு வார்த்த பேசக் கூடாதா?"

பம்புக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தேன்!"

"விளக்கப் போடுங்க" என்றாள் அவள், அவர் சொன்னதற்குச் சம்பந்தமே இல்லாமல். "விளக்கப் போட்டாத்தான் உங்க வாய் தெரியும். வாய் தெரிஞ்சாத்தான் எனக்குக் கேக்கும்."

அவர் எழுந்து அவள் தோளைத் தொட்டார். அவள் இருட்டுக்குள் சொல்லிக்கொண்டே போனாள், கொஞ்சம் சத்தமாக, சத்தம் எவ்வளவு என்று தெரியாதவளின் குரலில். "வலது காது சின்ன வயசுலயே போச்சு. காய்ச்சல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி வீட்ல சொல்ல வேணாம்னாங்க. அப்புறம் சொல்ல வேண்டியதே வரல. இங்க பம்பு ஓடுற சத்தத்துல எல்லாரும் செவிடுதானே? வாயப் பாத்துப் பாத்துப் பழகிட்டேன். ஒத்தக் காத வச்சு ஓட்டிட்டேன். அதுலதான் வண்டு பூந்து, அதுவும் போச்சு. போன்ல எப்படிப் பேசுவேன், சொல்லுங்க? சொன்னா நீங்க உங்களையே போட்டு அடிச்சுக்குவீங்கன்னு நம்ம பொண்ண சொல்ல விடல."

பம்புக்காரர் அலமாரிக்குள் துழாவினார். பல்பை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. ஸ்டூலில் ஏறி, ஒரு வழியாகப் பல்பை மாட்டிச் சுவிட்சைத் தட்டினார். வெளிச்சத்தில் இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் கண் சிவந்திருந்தது. அவள் பையிலிருந்து பஞ்சை எடுத்து உருட்டி, ஒவ்வொரு காதாக வைத்துக்கொண்டாள். சொல்லி வைத்தாற்போல முதல் வண்டு வந்து பல்பில் முட்டியது.

"கேக்காத காதுக்கு எதுக்குப் பஞ்சு?" என்று கேட்டார், வாயை அகலத் திறந்து, நிறுத்தி நிறுத்தி.

"கேக்காது. வலிக்கும்" என்றாள்.

அவர் ஸ்டூலை இழுத்து அவளுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொன்னார். இருட்டில் சொன்னது எளிதாக இருந்தது. வெளிச்சத்தில், அவள் கண் வாயைவிட்டு நகராதபோது, ஒவ்வொரு சொல்லையும் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. சிரித்ததற்கு வந்தபோது நிறுத்திவிட்டார்.

"அதுதாங்க நான் கடைசியா கேட்டது" என்றாள் அவள். "உங்க சிரிப்பு. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல."

வண்டுகள் அவர் தோளில் விழுந்தன. தட்டிவிடவில்லை.

"முதல்ல அத நெனச்சா பத்திக்கிட்டு வரும். பொண்ணு வீட்ல எல்லாரும் நல்லவங்கதான். டிவில ஆளு ஆடுவான், பேரன் வாயத் திறந்து அழுவான், எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி. எனக்குன்னு மிஞ்சுனது அந்த ஒரு சத்தம்தான். ராவெல்லாம் அதையே கேட்டுக்கிட்டுக் கிடப்பேன். கேட்டுக் கேட்டு, கடைசில அதத் திட்ட மனசு வரல. இருக்கிறதே ஒண்ணு, அதையும் திட்டிட்டு என்ன பண்றது?"

பம்புக்காரர் அவள் தோளில் ஏறிய ஒரு வண்டை எடுத்து வெளியே விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலை மனைவி சமையல்கட்டில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி டீ போட்டுக்கொண்டிருந்தாள். பையை எடுத்து வாசலில் வைத்திருந்தாள். பம்புக்காரர் வால்வருகே நின்றார். தூரத்தில் பஸ் வளைவில் திரும்பி, வீட்டெதிரே வந்து நின்று, ஹாரன் அடித்தது.

அவள் திரும்பவில்லை. சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

மறுபடி ஹாரன். பம்புக்காரர் அசையாமல் நின்றார். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால் போதும். பஸ் டிரைவர் பார்ப்பான், ஆள் வரவில்லை என்று கிளம்பிவிடுவான். அவளுக்குத் தெரியப்போவதே இல்லை. ஒரு பாவமும் அறியாதவர்போல நாளைக்கும் இதேபோல நிற்கலாம். அவருக்கு அந்த யோசனை வந்தது. வரவில்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன்.

ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். அவள் தோளைத் தொட்டுத் திருப்பினார். முகத்துக்கு நேராக நின்று சொன்னார்.

"பஸ் வந்துடுச்சு."

அவள் அவருடைய வாயைப் பார்த்தாள். அப்புறம் கண்ணைப் பார்த்தாள். "துணி இன்னும் மடிக்கல. இன்னிக்குப் போகச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாளும் துணி மடித்தபாடில்லை. அதற்கு மறுநாள் டீத்தூள் தீர்ந்துவிட்டது, அதை வாங்கி வைத்துவிட்டுத்தான் போவாளாம். இருந்துவிடுகிறேன் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. காலையில் பஸ் வந்து ஹாரன் அடித்ததும், கையிலிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய், அவள் முன்னால் நின்று, "பஸ் வந்துடுச்சு" என்று சொல்கிறார். சொல்லிவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.